மாறிய வரிசைகள் பூஜ்யம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் ரவிச்சந்திரன் அழைத்தபோது குளோரியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மாவ நேத்து சாயங்காலம் டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. நாளைக்கு வேன்ல ஏத்திக்குவாங்கதானே?"

"நேத்து அங்கேயே டயாலிசிஸ் செஞ்சிட்டாங்களா தம்பி?"

"செஞ்சிட்டாங்க. அடுத்தது சனிக்கிழம செஞ்சே ஆவணும், விட்டுடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருக்காரு. நான் வந்து காலை ஷிஃப்ட் லா. இருந்த லீவெல்லாம் ஒஸ்பிட்டல்லயே முடிஞ்சிபோச்சி." பின்னால் சுங்கை காடுட் தொழிற்சாலையின் இயந்திரச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்தைத் திருடிப் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீ வேலையப் பாரு. வழக்கம்போல வேன் வரும்னு அம்மாகிட்ட சொல்லிடு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"கடவுள் உங்கள நல்லா வைக்கணும்கா."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு குளோரியா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நகரத்தின் தெமியாங் பகுதியில், பழைய கடைவீடுகளுக்கு நடுவில் இருந்தது அந்த டயாலிசிஸ் நிலையம். கோயில்காரர்களும் தேவாலயத்துக்காரர்களும் சேர்ந்து, கையில் வசதியில்லாதவர்களுக்காக நடத்துவது. தோட்டப்புறங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவர ஒரு வேனும் உண்டு. கணினி வேலைக்கென்று அங்கே இருந்தது குளோரியா ஒருத்திதான். சம்பளம் குறைவு. வேலை மனத்துக்குப் பிடித்திருந்தது.

ரவிச்சந்திரனின் அம்மா ராக்கம்மா, சுவா ஊருக்கு உள்ளே செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர். அறுபதைக் கடந்தவர். ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டி, அப்புறம் செம்பனைக்கடியில் உதிரிப் பழம் பொறுக்கி, மகனை ஆளாக்கியவர். சர்க்கரை நோய் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று தடவை அவர் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி குத்தும் கையில் சீழ் பிடித்ததால் மூன்று வாரமாக மருத்துவமனையில் கிடந்தார்.

நிலையத்தின் தரவுத்தளத்தில் ஒரு பெரிய அட்டவணை. அதில் ஆளுக்கு ஒரு வரிசை. நோயாளி எண், பெயர், வேன் நிற்கும் இடம், கடைசியில் 'வருகை' அல்லது 'நிறுத்தம்' என்று ஒரு சொல். மருத்துவமனையில் படுத்துவிட்டால் 'நிறுத்தம்'. திரும்பினால் 'வருகை'. தினமும் மாலையில் கணினி 'வருகை' என்றிருக்கும் ஆள்களைத் திரட்டி, வேன் ஓட்டும் மணியத்துக்கு ஒரு பட்டியலும் தாதியருக்கு ஒரு பட்டியலும் தானாகவே அனுப்பிவிடும். அந்த ஒரு சொல்லில்தான் ஒரு மனுஷிக்கு வேனும் உண்டு, படுக்க நாற்காலியும் உண்டு.

குளோரியா ராக்கம்மாவின் எண்ணைத் தட்டினாள். எண்ணோடு, வேன் நிற்கும் இடத்தையும் சேர்த்துத் தட்டினாள். அது அவளுடைய பழக்கம். கை தவறி ஓர் இலக்கம் மாறிவிட்டால் வேறு யாருடைய வரிசையோ மாறிப்போகும். எண்ணும் பொருந்தி இடமும் பொருந்தினால்தான் கணினி தொடவேண்டும் என்று கட்டளையை அமைத்துவிட்டால் அந்தப் பயமில்லை. பூட்டின் மேல் இன்னொரு பூட்டு. இடம்: தோட்டத்துக் கோயில் வாசல். மாற்ற வேண்டியது: 'வருகை'.

பொத்தானை அழுத்தினாள். அவளே எழுதிய பக்கம் அது. கீழே ஒரே ஒரு வரியில் பதில் சொல்லும்.

மாறிய வரிசைகள்: 0.

குளோரியா புருவத்தைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். "இந்த அகதா ஆண்டிக்கு எத்தன கைதான் இருக்கோ!"

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தத் தரவுத்தளத்தின் குணம் அது. ஏற்கெனவே 'வருகை' என்றிருக்கும் இடத்தில் மறுபடி 'வருகை' என்று எழுதச் சொன்னால், எழுத ஒன்றுமில்லை என்று பூஜ்யம் காட்டும். தலைமைத் தாதி அகதாவோ, சொல்வதற்கு முன்பே செய்துவிட்டு நிற்பவர். குளோரியா ஒன்றை மாற்றப் போவாள், பூஜ்யம் வரும், "அத நான் காலையிலேயே செஞ்சிட்டேன் லா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இந்த மாதத்தில் மட்டும் நாலைந்து தடவை அப்படி ஆகியிருந்தது.

ராக்கம்மாவின் வரிசையைத் திறந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். அகதா உள்ளே ஒரு நோயாளிக்கு ஊசி எடுத்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் தவக்காலத்து வெள்ளி. தேவாலயத்தில் சிலுவைப் பாதை வழிபாடு. ஆறாம் நிலையின் செபத்தை வாசிக்கும் முறை அவளுடையது. தாமதமாகப் போய் நிற்கக் கூடாது. பக்கத்தை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

அன்று மாலை, சிலுவை சுமந்தவரின் முகத்தை ஒரு பெண் துணியால் துடைத்த அந்த நிலையை அவள் நன்றாகவே வாசித்தாள். கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூட அவள் கண்ணில் பட்டது.

*

சனிக்கிழமை காலை குளோரியா நிலையத்துக்குள் நுழைந்தபோது முதல் ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. நாற்காலிகளில் ஆள்கள் சாய்ந்து கிடந்தார்கள். சன்னாசி மட்டும் எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்று, முள்ளோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, இந்தத் தராசு பொய் சொல்லுது. நான் நேத்து தண்ணியே குடிக்கல."

"தண்ணி குடிக்கல. கூழு குடிச்சீங்களா இல்லியா?" என்றார் அகதா.

"கோயில்ல கூழு ஊத்துறாங்க, வேணாம்னா சாமி கோவிச்சிக்கும்."

"சாமி கோவிச்சிக்காது. உங்க நெஞ்சுதான் கோவிச்சிக்கும்."

சன்னாசி ராக்கம்மாவின் தோட்டத்துக்காரர்தான். எழுபது வயதாகியும் இன்னும் வாய் ஓயவில்லை. குளோரியாவைக் கண்டதும் பேச்சைத் திருப்பினார்.

"ஏம்மா குளோரியா, ராக்கம்மா ஊட்டுக்கு வந்திருச்சின்னு ரவி சொன்னானே. இன்னிக்கு ஏன் வரல?"

குளோரியா நாற்காலிகளைப் பார்த்தாள். ராக்கம்மாவின் முகம் எதிலும் இல்லை.

"வேன்ல வரலியா அண்ணே?"

"நானும் மணியத்துகிட்ட கேட்டேன். லிஸ்ட்ல பேரு இல்லன்னு காட்டிட்டான். சரி, மறுபடி ஒஸ்பிட்டலுக்குக் கொண்டு போய்ட்டாங்க போலன்னு நெனச்சிக்கிட்டோம்."

குளோரியா சட்டென்று அகதா பக்கம் திரும்பினாள்.

"ஆண்டி, ராக்கம்மாவ வருகைன்னு நீங்கதானே மாத்துனீங்க?"

அகதா திரும்பினார். "நானா? அவங்க டிஸ்சார்ஜ் ஆனதே இப்பதான் காதுல விழுது."

குளோரியா மேசைக்கு ஓடினாள். இந்தத் தடவை எதையும் மாற்றச் சொல்லவில்லை. ராக்கம்மாவின் வரிசையைக் காட்டு என்று மட்டும் கேட்டாள். வரிசை வந்தது. கடைசியில் 'நிறுத்தம்' என்றே இருந்தது. வேன் நிற்கும் இடத்தில் 'கோயில் வாசல்' இல்லை. 'தமிழ்ப்பள்ளி வாசல்' என்றிருந்தது.

"இடத்த யாரு மாத்துனது?"

"இடத்தையா? அது நான்தான்," என்றார் அகதா. "புதன்கிழம மணியம் வந்து சொன்னாரு. கோயில் திருவிழாவுக்கு வாசல்ல பந்தல் போட்டுட்டாங்க, வேன் திருப்ப எடமில்ல, பள்ளிக்கூடத்துகிட்ட நிப்பாட்டுறேன்னு. அந்தத் தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் சேத்து மாத்திட்டேன். ராக்கம்மா வந்தா அவங்களுக்கும் சுலபமா இருக்கட்டுமேன்னு அவங்களதையும் மாத்துனேன். ஏன் லா, என்னாச்சி?"

என்ன ஆயிற்று என்பது குளோரியாவுக்குப் புரிந்துவிட்டது. கோயில் வாசலில் நிற்கும் ராக்கம்மாவைத் தேடி மாற்று என்று அவள் கணினிக்குச் சொல்லியிருந்தாள். கணினியிடம் இருந்ததோ பள்ளி வாசலில் நிற்கும் ராக்கம்மா. தேடியது, அப்படி யாருமில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. அதற்கும் பூஜ்யம்தான். முன்பே மாறியிருந்தாலும் பூஜ்யம்தான். இரண்டு பூஜ்யத்துக்கும் முகம் ஒன்றே. தனக்கு வசதியான முகத்தை நேற்று அவள் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"வியாழக்கிழம ஒஸ்பிட்டல்ல செஞ்சதுதானே கடைசியா இருக்கும்," என்றார் அகதா மெதுவாக. "இன்னிக்கு விட்டா செவ்வாய் வரைக்கும் தாங்காது. மூணு வாரம் படுத்த ஒடம்பு. மத்தியான ஷிஃப்ட்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. ஆனா அதுவரைக்கும் எப்படியிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்?"

ராக்கம்மாவின் கைப்பேசி அணைந்திருந்தது. ரவிச்சந்திரனுடையது தொழிற்சாலை லாக்கருக்குள் ஒலித்து ஓய்ந்தது. மணியம் வேனை எடுத்துக்கொண்டு வேறு பக்கத்து நோயாளிகளை ஏற்றப் போயிருந்தார்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன் ஆண்டி."

"நாற்காலி?"

அதுவரை தராசில் நின்றுகொண்டிருந்த சன்னாசி கீழே இறங்கினார். "என்னுத குடுங்க மிஸ்ஸி. நான் மத்தியானம் போட்டுக்குறேன்."

"நீங்க சாயங்காலம் கரகம் ஜோடிக்கணும்னு சொன்னீங்களே?" என்றார் அகதா.

ஆண்டுதோறும் ஆற்றங்கரையில் அம்மனுக்குக் கரகம் ஜோடிப்பது சன்னாசிதான். இன்று மாலை ஐந்துக்கு அது. மத்தியான ஷிஃப்டில் உட்கார்ந்தால் வீடு போய்ச் சேரவே ஆறு ஆகிவிடும். காப்புக் கட்டிய மஞ்சள் கயிறு அவர் மணிக்கட்டில் புதிதாக இருந்தது. அதை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

"அது ஆத்தா பாடு. எனக்கு ரத்தம் மத்தியானமும் அழுக்காதான் இருக்கும், ஓடிடாது. நீ வண்டிய எடும்மா."

*

போர்ட்டிக்சன் சாலையில் குளோரியா தன் சிறிய காரை ஓட்டினாள். செபம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ஆள் இருக்கணும்" என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்குமேல் கேட்க அவளுக்கு முகமில்லை.

சுவாவைக் கடந்து தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியதும் இருபக்கமும் செம்பனை நெருங்கிக்கொண்டது. முதலில் பள்ளிக்கூடம். கணினி அங்கேதான் ராக்கம்மாவை நிறுத்தியிருந்தது. வாசலில் யாருமில்லை. பூட்டிய கேட், வெறும் சிமெண்டு பெஞ்சு.

வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் திலகா என்ற பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரத் தேடுறீங்க? ராக்கம்மா அத்தையா? அவங்க டயாலிசிஸ் வேன்ல போயிட்டாங்களே. இருட்டோட பையைத் தூக்கிட்டுப் போனாங்க."

குளோரியாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. பூட்டிய வீடு, எடுத்துப்போன பை. வேறு யாராவது வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும், திரும்பிவிடலாம். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது. நேற்றும் இப்படித்தான் வந்தது.

"வேன்ல ஏறுனதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

திலகா கையிலிருந்த சட்டையை உதறாமல் நின்றாள். "ஏறுனதப் பாக்கல. போனதத்தான் பாத்தேன்."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"வழக்கமா போற பக்கந்தான். கோயிலுக்கு."

குளோரியா தலையில் கைவைத்துக்கொண்டாள். வழக்கம்போல வேன் வரும் என்று சொல்லி அனுப்பியவள் அவளேதான். இடம் மாறியது மருத்துவமனையில் கிடந்தவருக்கு எப்படித் தெரியும்? கணினியில் இல்லாத ராக்கம்மா, கோயில் வாசலில்தான் இருந்திருக்கிறார்.

கோயில் முன்னால் பந்தலும் தோரணமும் கட்டியிருந்தது. ஒரு லோரியிலிருந்து தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். திருவிழாக் கோயிலில் பாட்டுச் சத்தம் இல்லாதது குளோரியாவுக்கு விநோதமாகப் பட்டது. ஒலிபெருக்கி ஊமையாகத் தொங்கியது.

கோயில் தலைவர் நல்லசாமி எதிரே வந்தார்.

"ஐயா, ரவிச்சந்திரன் அம்மா இங்க வந்தாங்களா?"

"நீங்க டயாலிசிஸ் ஆளா?" அவர் குரல் தாழ்ந்தது. "என்னம்மா இது? விடியறதுக்கு முன்னாடியிலேருந்து பந்தல்ல உக்காந்திருந்தாங்க. வேன் லேட்டு, வேன் லேட்டுன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்ன மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சி. ஆயாக் கொட்டாயில படுக்க வச்சிருக்கோம். தேங்காய எறக்குனதும் லோரியிலயே கொண்டாந்துரலாம்னு இருந்தேன். அவங்க கண்ண மூடட்டும்னுதான் பாட்டையும் நிப்பாட்டிட்டோம்."

முன்பு வேலைக்குப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகை அது. இப்போது கோயில் சாமான் அடுக்குவதற்குப் பயன்பட்டது. குத்துவிளக்குகளுக்கும் பெரிய அண்டாக்களுக்கும் நடுவில் பாய் விரித்து, முதுகுக்குப் பின்னால் அரிசி மூட்டையை அண்டக்கொடுத்து, ராக்கம்மாவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் ஈரத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தாள், துண்டைப் பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். யார் வந்தது என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

குளோரியா வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டாள். நேற்று தேவாலயத்தில் வாசித்த வரிகள் நினைவுக்கு வந்தன. வாசிப்பது எவ்வளவு எளிதாக இருந்தது!

"தண்ணி கேட்டாங்க," என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் செல்லம். "நான் குடுக்கல. எங்க வீட்டுக்காரருக்கும் இந்த நோவுதான் இருந்திச்சி. சின்ன ஐஸ்கட்டிதான் வாயில போட்டேன். சரிதானே?"

"சரிதான்கா. ரொம்பச் சரி."

ராக்கம்மா கண்ணைத் திறந்தார். கால்கள் வீங்கியிருந்தன. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்தார்.

"வந்திட்டியாம்மா... மணியம் ஒருநாளும்... என்ன விட்டுட்டுப் போனதில்லையே... அவனுக்கு ஒண்ணுமில்லதானே?"

விட்டுப்போன வேனை அவர் திட்டவில்லை. ஓட்டுகிறவனுக்கு விபத்தோ என்று இவ்வளவு நேரமாய்க் கவலைப்பட்டிருக்கிறார். குளோரியா பாயருகே உட்கார்ந்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. தப்பு என்னுது. உங்க பேர லிஸ்ட்ல சேக்காம விட்டுட்டேன்."

"தாப்பா லா, பரவால்ல... அதான் வந்திட்டியே."

குளோரியா அகதாவை அழைத்தாள். அகதா கேள்வி கேட்டார். குளோரியா பார்த்துச் சொன்னாள். உதடு நீலமாகவில்லை. பேசுகிறார், ஆனால் திணறுகிறார். நெஞ்சுவலி இல்லை. அகதா மருத்துவரிடம் கேட்டுவிட்டு மறுபடி தொலைபேசிக்கு வந்தார். "நேரா இங்க கொண்டு வா. வழியில மோசமானா யோசிக்காத, பக்கத்து ஒஸ்பிட்டலுக்குத் திருப்பிடு. நாற்காலி தயாரா இருக்கு."

தேங்காய் இறக்கியவர்கள் ராக்கம்மாவைப் பாயோடு தூக்கிக் காரில் வைத்தார்கள். செல்லம் கேட்காமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டாள், ஈரத் துண்டோடு. கார் செம்மண் பாதையைக் கடக்கும்வரை கோயிலில் பாட்டுப் போடவில்லை.

*

ராக்கம்மா சன்னாசியின் நாற்காலியில் சாய்ந்தார். அகதா ஊசியைக் குத்தி இயந்திரத்தை ஓடவிட்டார். முதல் ஒரு மணி நேரம் தாதி ஒருவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. நண்பகலில் ராக்கம்மா தூங்கிக்கொண்டிருந்தார். காலடியில் செல்லமும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

மணியம் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சன்னாசி அண்ணே அப்பவே கேட்டாரு. நான்தான் லிஸ்ட்ட நீட்டுனேன். கோயில் பக்கம் ஒரு எட்டு நடந்து பாத்திருந்தா என் காலா தேஞ்சிருக்கும்?"

"இல்ல அண்ணே, என் தப்பு," என்றாள் குளோரியா.

"இடத்த மாத்துனத நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார் அகதா.

காத்திருப்போர் பெஞ்சிலிருந்து சன்னாசி குரல் கொடுத்தார். "ஆளாளுக்குப் பங்கு போட்டு எடுத்துக்கிட்டீங்க. எனக்குக் கொஞ்சமாச்சும் மிச்சம் வைங்க. காலையில பசியாறுனதோட சரி, பசிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அகதா தம் ரொட்டியில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

அன்று பிற்பகல் குளோரியா தன் பக்கத்தைத் திருத்தி எழுதினாள். தரவுத்தளம் எப்போதுமே இரண்டு எண்களைச் சொல்லத் தயாராகத்தான் இருந்தது: தேடியதில் எத்தனை வரிசை அகப்பட்டது, அகப்பட்டதில் எத்தனை மாறியது. ஒன்று போதும் என்று இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டவள் அவள். இனி இரண்டும் தெரியும். அதன் கீழே, மாற்றம் ஆனாலும் ஆகாவிட்டாலும், அந்த ஆளின் வரிசை முழுதாகத் திறந்து நிற்கும்: பெயர், இடம், வருகையா நிறுத்தமா. பார்க்காமல் மூடிவிட்டுப் போக முடியாதபடி செய்தாள்.

ராக்கம்மாவை 'வருகை' என்று மாற்றினாள். அகப்பட்டது: 1. மாறியது: 1. வரிசையையும் வாசித்தாள். எழுந்து போய் நாற்காலியில் தூங்கும் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள்.

வேலை முடிந்து ரவிச்சந்திரன் ஓடிவந்தபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவன் முகம் கறுத்தது. உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் நின்றான். அவர் ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது, "செல்லம் அக்காவ நான் மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் வுட்டுர்றேன். அம்மாவ வேன்ல அனுப்புங்க," என்றான். கொஞ்சம் தயங்கி, "நீங்களே தேடிக்கிட்டுப் போனீங்களாமே," என்றும் சொன்னான். அதில் முழு மன்னிப்பு இல்லை என்று குளோரியாவுக்குத் தெரிந்தது. கிடைத்தது போதும் என்று வாங்கிக்கொண்டாள்.

சன்னாசியை அன்று மாலை மணியம் ஆற்றங்கரைக்கே கொண்டுபோய் இறக்கினாராம். இருட்டத் தொடங்கியிருந்ததாம். உறுமிக்காரர்கள் முதல் நல்லசாமி வரை எல்லாரும் கரையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்களாம். "ஆள் வராம ஆத்தா எழுந்திருக்க மாட்டா," என்று நல்லசாமி சொன்னாராம். செவ்வாய்க்கிழமை சன்னாசியே இதைச் சொல்லிச் சொல்லி, ஊசி குத்துகிற தாதிக்குக் கை நடுங்குமளவு சிரிக்க வைத்தார்.

*

அடுத்த வெள்ளி. திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வேன் நிற்கும் இடத்தைக் கோயில் வாசலுக்குத் திரும்ப மாற்ற வேண்டும். குளோரியா ராக்கம்மாவின் எண்ணை மட்டும் தட்டி, மாற்றத்தைச் சொல்லி, பொத்தானை அழுத்தினாள்.

அகப்பட்டது: 1. மாறியது: 0.

கீழே ராக்கம்மாவின் வரிசை விரிந்தது. இடம்: கோயில் வாசல். வருகை.

"ஆண்டி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அத நான் நேத்தே மாத்திட்டேன் லா!" என்று குரல் வந்தது. "உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், அதுக்குள்ள நீயே பாத்துட்ட."

குளோரியா சிரித்தாள். ஆனாலும் தொலைபேசியை எடுத்து ராக்கம்மாவின் எண்ணை அழுத்தினாள். இந்தத் தடவை மணி அடித்தது.

"அம்மா, நாளையிலேருந்து வேன் பழையபடி கோயில் வாசலுக்கே வரும். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அதான் மணியம் நேத்து எறக்கி வுடும்போதே சொல்லிட்டானே," என்றார் ராக்கம்மா. "திலகாவும் சொன்னா. காலையில சன்னாசி வேற ஊட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. இப்ப நீயி. ஏம்மா, ஒரு எடத்துல நிக்கிறதுக்கு எத்தன பேரு சொல்லுவீங்க?"

"தெரிஞ்சா சரிம்மா."

"சரி, இருக்கட்டும். கூப்பிட்டதே கூப்பிட்ட, சாப்டியா நீ?"

"இன்னிக்கு வெள்ளி, ஒருசந்தி விரதம்மா. சிலுவைப் பாதை முடிஞ்சுதான் சாப்பாடு."

"அப்ப எனக்கும் சேத்து வேண்டிக்க. என் பேரு தெரியுமில்ல?"

குளோரியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "தெரியும்மா," என்றாள்.